'ரொக்கட்' என்னும் இரும்புக் குதிரை: வெற்றியும் வடுக்களும்

'ரொக்கட்' என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்நாளைய சிறுவர் சிறுமியர் அண்ணாந்து வானத்தை நோக்குவர். சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் கலங்களை ஏந்திச் செல்லும் ஊர்திக்கே அப்பெயர் உரியது என்பது அவர்கள் எண்ணம். ஆயின், இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தின் முன்னர் அதே பெயரைத் தாங்கி, இரும்புத் தண்டவாளத்தின் மீது புகை கக்கி ஓடிய சிறிய இயந்திரம் ஒன்று உண்டு. அவ்வியந்திரம் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஷில்டன் என்னும் சிறு நகரத்து நூதனசாலையில் அது இன்றும் நிற்கின்றது. அதன் வரலாற்றையே இவ்வாரம் நம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம்.

பாடநூல்களில் ரொக்கட்டின் படத்தைக் கண்ட மாணவர்கள் அதனை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் பூசிய உடல். வெண்ணிறமான உயர்ந்த புகைபோக்கி. முன்புறத்தில் இரு பெரிய சில்லுகள், பின்புறத்தில் இரு சிறிய சில்லுகள். பக்கவாட்டில் சரிந்து நிற்கும் உருளைகள். பார்ப்பதற்கு ஒரு விளையாட்டுப் பொருள் போன்று அழகாக இருக்கும். ஆனால், நூதனசாலையில் நிற்பதோ கறுத்துப் போன ஓர் இரும்புப் பிண்டம். அதன் உருளைகள் சரிந்து நிற்கவில்லை. ஏறத்தாழக் கிடையாகப் படுத்திருக்கின்றன. பின்புறத்தில் இருக்க வேண்டிய நெருப்புப்பெட்டியைக் காணோம். "உலகப் புகழ் பெற்ற ரொக்கட் இதுதானா?" என்று வந்தவர் மயங்குவதும் உண்டு.

படத்தில் உள்ளது உண்மையா, நூதனசாலையில் உள்ளது உண்மையா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, அவ்வியந்திரம் பிறந்த கதையையும் வாழ்ந்த கதையையும் நாம் அறிதல் வேண்டும்.

கயிறா? இயந்திரமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிவர்பூல் பெருந்துறைமுகமாக விளங்கிற்று. மான்செஸ்டர் நெசவாலைகளின் நகரம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பஞ்சு லிவர்பூலில் இறங்கி மான்செஸ்டருக்குச் செல்ல வேண்டும். நெய்த துணி அங்கிருந்து திரும்பி வர வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 31 மைல் தூரம். கால்வாய் வழியும் குதிரை வண்டி வழியும் வணிகருக்குப் போதவில்லை. எனவே இரு நகரங்களையும் இணைக்கும் இரும்புப்பாதை ஒன்றை அமைப்பதற்குக் கம்பெனி ஒன்று தோன்றியது.

பாதை உருவாகி வருகையில் பணிப்பாளர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது. வண்டிகளை இழுப்பது எது? ஓடும் நீராவி இயந்திரங்கள் அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களை அண்டி மெல்ல ஊர்ந்து கொண்டிருந்தன. அவற்றில் நம்பிக்கை வைத்தோர் சிலரே. பாதை ஓரத்தில் இடையிடையே நிலையான இயந்திரங்களை நிறுத்தி, கிணற்றில் வாளியை இழுப்பது போல வண்டிகளைக் கயிற்றால் இழுக்கலாம் என்று அனுபவமிக்க பொறியியலாளர் இருவர் 1829ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆலோசனை கூறினர்.

பணிப்பாளர்கள் ஒரு முடிவுக்கு வர இயலாமல், பந்தயம் ஒன்றை நடத்திப் பார்ப்பதெனத் தீர்மானித்தனர். சிறந்த இயந்திரத்துக்கு 500 பவுண் பரிசு. நிபந்தனைகளோ கடுமையானவை. இயந்திரம் தன் எடையைப் போல மூன்று மடங்கு பாரத்தை மணிக்கு 10 மைல் வேகத்தில் இழுத்தல் வேண்டும். அதன் எடை 6 தொன்னுக்கு மேற்படலாகாது. நான்கு சில்லுகள் மட்டும் உடையதாயின் நாலரை தொன்னுக்கு மேற்படலாகாது. விலை 550 பவுணைத் தாண்டலாகாது. தான் உண்டாக்கும் புகையைத் தானே எரித்துவிடவும் வேண்டும்.

தந்தையும் மகனும்

அப்பாதையை அமைத்த தலைமைப் பொறியியலாளர் ஜோர்ஜ் ஸ்டீவன்சன். 1781ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், பதினெட்டு வயது வரை எழுத்தறியாதவர். பகலில் சுரங்க இயந்திரத்தைக் காத்து, இரவில் காசு கொடுத்துப் பாடம் கேட்டு எழுத்துக் கற்றவர். தமக்குக் கிட்டாத கல்வி தம் ஒரே மகனுக்குக் கிட்ட வேண்டும் என்னும் வைராக்கியத்தால் றொபேட்டை நல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். தாயை இளமையிலேயே இழந்த அப்பிள்ளை நூல்நிலையத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்களைத் தந்தையும் மகனும் ஒருங்கிருந்து படித்தனர் என்பது வரலாறு. மகன் படித்த பாடத்தைத் தகப்பனும் படித்தார். தகப்பன் கண்ட அனுபவத்தை மகனும் கண்டான்.

பந்தயத்துக்கு உரிய இயந்திரத்தை நியூகாசில் நகரத்துத் தொழிற்சாலையில் உருவாக்கும் பொறுப்பு றொபேட்டின் தலைமேல் வீழ்ந்தது. அப்பொழுது அவருக்கு இருபத்தாறு வயது நிரம்பவில்லை. தந்தையார் பாதை வேலையின் பொருட்டு லிவர்பூலில் இருந்தமையால், இருவரும் கடிதமூலம் கலந்து பேசியே வேலை நடந்தது.

இயந்திரத்துக்கு 'ரொக்கட்' என்று பெயர் வந்ததற்கு ஒரு காரணம் கூறுவர். புகையிரதத்தில் வேகமாகப் போவதைக் காட்டிலும் கொங்கிரீவின் ரொக்கட்டில் ஏறிப் போகலாம் என்ற கருத்தில் 1825ஆம் ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று ஏளனம் செய்திருந்தது. அந்த ஏளனச் சொல்லையே ஸ்டீவன்சன் பட்டப்பெயராகச் சூட்டினார் என்பர். கொங்கிரீவ் செய்த போர்க்கருவியின் மூலமோ நம் அயல்நாட்டில் உள்ளது. மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயர் படைமீது ஏவிய அக்கினிப் பாணங்களே அவை. 1799ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னர் அப்பாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு ஆராயப்பட்டன. ஆகவே தென்னிந்தியப் போர்க்களத்தின் எதிரொலி ஒன்று அந்தப் புகையிரதத்தின் பெயரிலும் கேட்கின்றது எனலாம்.

இருபத்தைந்து குழாய்கள்

ரொக்கட்டின் சிறப்பு அதன் கொதிகலத்தில் இருந்தது. இதனை மாணவர்கள் சிறிது ஊன்றி நோக்குதல் நன்று.

முற்காலத்து இயந்திரங்களில் நீர் நிறைந்த கொதிகலத்தின் ஊடே பருத்த குழாய் ஒன்றே சென்றது. நெருப்பின் வெப்பம் அக்குழாய் வழியே ஓடுகையில் சுற்றியுள்ள நீரைச் சுடச் செய்யும். ஆனால், வெப்பத்தின் பெரும்பகுதி நீரைத் தொடாமலே புகைபோக்கி வழியாக வெளியேறி வீணாயிற்று. ஒரு பெரிய குழாய்க்குப் பதிலாகப் பல சிறு குழாய்களை வைத்தால் என்ன என்னும் யோசனையைத் தந்தவர் ஹென்றி பூத். அவர் பொறியியலாளர் அல்லர். புகையிரதக் கம்பெனியின் பொருளாளர். பிரான்ஸ் தேசத்தில் மார்க் செகான் என்பவரும் அதே எண்ணத்தைத் தனியாகக் கண்டு கொதிகலம் செய்திருந்தார்.

ரொக்கட்டின் கொதிகலம் 6 அடி நீளம். அதனுள் 3 அங்குல விட்டமுள்ள 25 செப்புக் குழாய்கள் பொருத்தப்பட்டன. இதன் பயனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். 15 அங்குல விட்டமுள்ள ஒரு குழாயின் வாயளவும், 3 அங்குல விட்டமுள்ள 25 குழாய்களின் வாயளவும் ஒன்றே; புகை செல்லும் வழி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால், நீரைத் தொடும் சுற்றுப்பரப்பை அளந்து பாருங்கள்! ஒரு குழாயைக் காட்டிலும் 25 குழாய்களின் பரப்பு ஐந்து மடங்காகும். அதே நெருப்பு, அதே புகைவழி, சூடு பெறும் பரப்பு மட்டும் ஐந்து மடங்கு. ரொக்கட்டின் குழாய்களில் இப்பரப்பு ஏறத்தாழ 118 சதுர அடி இருந்தது. இக்கணக்கை மாணவர்கள் தாமே செய்து பார்ப்பார்களாக.

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் வீட்டு அடுப்பில் விறகு புகைந்தால் தாய்மார் ஊதுகுழலை எடுத்து ஊதுவர். உடனே தீ மூண்டு எரியும். உருளைகளில் வேலை செய்து முடித்த நீராவியை ஸ்டீவன்சன் வீணே வெளியே விடாமல் புகைபோக்கிக்குள் மேல்நோக்கிப் பாயச் செய்தார். அது பாயும்போது புகையையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அவ்விழுப்பினால் நெருப்பிற்குள் புதிய காற்றுப் புகும். இயந்திரம் எவ்வளவு விரைந்து ஓடுகிறதோ அவ்வளவு பலமாகத் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்ளும். புகையிரதம் 'சுக்கு புக்கு' என்று ஒலிப்பது இந்த ஊதலினால்தான்.

பல குழாய்க் கொதிகலமும் இந்த ஊதலும் சேர்ந்த அமைப்பே அதன்பின் உலகெங்கும் எழுந்த நீராவிப் புகையிரதங்களுக்கு அடிப்படையாயிற்று. 1864ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடி இலங்கையில் புகையிரத யுகத்தைத் தொடக்கிய இயந்திரமும், பிற்காலத்தில் வடபகுதிப் பாதையில் ஓடிய நீராவி இயந்திரங்களும் இந்தக் குடும்பத்தின் வழித்தோன்றல்களே.

ரெயின்ஹில் பந்தயம்

1829ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ரொக்கட் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, தரைவழியே கார்லைல் வரையும், பின்னர் கடல்வழியே லிவர்பூல் வரையும் கொண்டு செல்லப்பட்டது. லிவர்பூலுக்கு அண்மையில் உள்ள ரெயின்ஹில் என்னும் இடத்தில், மட்டமான பாதைத் துண்டு ஒன்று பந்தயத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. அக்டோபர் 6ஆந் தேதி பந்தயம் தொடங்கியது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சனங்கள் திரண்டனர் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன.

களத்தில் இறங்கியவை ஐந்து. அவற்றுள் 'சைக்ளோபெட்' என்பது நீராவி இயந்திரமே அன்று. ஓடும் பட்டிமீது குதிரை ஒன்றை நடக்கச் செய்து அதன் வலுவினால் சில்லைச் சுழற்றும் பொறி. அது விரைவில் விலகிற்று. 'பேர்சிவியரன்ஸ்' வரும் வழியிலேயே அடிபட்டுப் பழுதடைந்தது. மணிக்கு 6 மைல் வேகத்துக்கு மேல் அதனால் ஓட முடியவில்லை. அதன் பெயருக்கு விடாமுயற்சி என்பது பொருள். அம்முயற்சிக்கு 25 பவுண் ஆறுதற் பரிசு கிடைத்தது.

சனங்களின் மனத்தைக் கவர்ந்தது 'நொவெல்டி'. பிறெய்த்வெயிட், எரிக்சன் என்னும் இருவர் செய்த அது, பாரமின்றி ஓடியபொழுது மணிக்கு 28 மைல் வேகத்தை எட்டிப் பார்த்தவர்களைத் திகைக்க வைத்தது. ஆனால், அதன் குழாய்கள் மீண்டும் மீண்டும் வெடித்தன. ஷில்டன் நகரத்தில் புகையிரத வேலை செய்து வந்த திமொதி ஹக்வேர்த் கொண்டுவந்த 'சான் பரேய்' வலிமை மிக்கது. 'ஒப்பிலாதது' என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். அது அனுமதிக்கப்பட்ட எடையை மிஞ்சியிருந்தும் ஓடிப் பார்க்க இடமளிக்கப்பட்டது. ஓட்டத்தின் நடுவே உருளை ஒன்று பழுதுபட்டமையால் அதுவும் நின்றது.

ரொக்கட்டின் முறை அக்டோபர் 8ஆந் தேதி வந்தது. ஒன்றேமுக்கால் மைல் நீளமுள்ள பாதையில் பத்து முறை போய் வந்தால் 35 மைல். அது லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் செல்லும் தூரத்துக்குச் சற்று அதிகம். அவ்வாறு ஓடி, எரிபொருளும் நீரும் நிரப்பிக்கொண்டு, திரும்பவும் பத்து முறை போய்வர வேண்டும். நாலேகால் தொன் எடையுள்ள அச்சிறு இயந்திரம் தன்னைப்போல் மும்மடங்கு பாரத்தைச் சுமந்து 70 மைலையும் ஓடி முடித்தது. சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 14 மைல். உச்ச வேகம் 29 மைல் அளவு. ஐந்தில் பந்தயத்தை முழுவதும் ஓடி முடித்தது அது ஒன்றே. பரிசுப் பணத்தைத் தந்தை, மகன், யோசனை தந்த பூத் ஆகிய மூவரும் பகிர்ந்து கொண்டனர். கயிற்றுத் திட்டம் கைவிடப்பட்டது.

பாடநூற் கதைகள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். ஆனால் ரொக்கட்டின் வாழ்க்கை அப்பொழுதுதான் ஆரம்பமாயிற்று.

வெற்றியின் நடுவே ஒரு மரணம்

1830ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆந் தேதி லிவர்பூல் - மான்செஸ்டர் பாதை திறந்து வைக்கப்பட்டது. எட்டு வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. வாட்டர்லூப் போரில் வென்ற வெலிங்டன் கோமகன் அப்போது பிரதம மந்திரி. அவர் அமர்ந்த வண்டியை 'நோர்தம்பிரியன்' என்னும் புதிய இயந்திரம் ஒரு தண்டவாளத்தில் இழுத்துச் சென்றது. ரொக்கட் உட்பட ஏனைய ஏழும் அடுத்த தண்டவாளத்தில் சென்றன.

இடைவழியில் பார்க்ஸைட் என்னும் இடத்தில் நீர் நிரப்புவதற்காகக் கோமகனின் வண்டி நின்றது. கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தும் பலர் இறங்கித் தண்டவாளத்தில் உலாவினர். அவர்களுள் லிவர்பூல் நகரத்துப் பாராளுமன்ற உறுப்பினரான வில்லியம் ஹஸ்கிசனும் ஒருவர். முன்னர் அரசியலில் கோமகனோடு பிணங்கி மந்திரி பதவியை விட்டவர் அவர். மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்ள அதுவே நல்ல தருணம் என்று எண்ணிப் போலும், கோமகனின் பெட்டியை அணுகிக் கைகொடுத்தார். அக்கணத்தில் அடுத்த தண்டவாளத்தில் ரொக்கட் வந்து கொண்டிருந்தது. அதனை உடனே நிறுத்தத்தக்க தடைக்கருவி எதுவும் அதில் இல்லை. தடுமாறிய ஹஸ்கிசன் பெட்டியின் கதவைப் பற்றினார். கதவு வெளிப்புறமாக விரிந்து அவரை ரொக்கட்டின் முன்னே கொண்டு விட்டது. அவருடைய கால் நசுங்கியது.

ஜோர்ஜ் ஸ்டீவன்சன் தாமே நோர்தம்பிரியனைச் செலுத்தி, காயமுற்றவரை ஏக்கிள்ஸ் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றார். மணிக்கு ஏறத்தாழ 36 மைல் வேகத்தில் அவ்வண்டி பறந்தது என்று சொல்லப்படுகின்றது. ஆயினும் அன்றிரவே ஹஸ்கிசன் உயிர் நீத்தார். நீராவி இயந்திரத்தினால் எத்துணை விரைவு கூடும் என்பதை நாடு முழுவதும் அறிந்தது இத்துயரச் செய்தியின் மூலமே. ஒரே நாளில், ஒரே பாதையில், புதிய ஆற்றலின் நன்மையையும் ஆபத்தையும் மக்கள் ஒருங்கே கண்டனர்.

மாறிய உருவம்

பந்தயத்தில் வென்ற ரொக்கட் வெகுவிரைவில் பழையதாயிற்று. சரிந்து நின்ற உருளைகள் வேகமாக இயங்கும்போது இயந்திரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டன. எனவே அவை இறக்கப்பட்டு ஏறத்தாழக் கிடையாகப் பொருத்தப்பட்டன. புகைபோக்கியின் அடியில் புகையறை ஒன்று சேர்க்கப்பட்டது. இம்மாற்றங்கள் யாவும் பந்தயம் முடிந்து ஒன்றரை ஆண்டுக்குள் நிகழ்ந்தவை. அப்படியானால், உலகம் முழுவதும் படத்தில் காணும் அந்த மஞ்சள் நிற ரொக்கட் உயிர் வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுக்குள் அடங்கிய சிறு காலமே. 

1830ஆம் ஆண்டின் பிற்பகுதியில் றொபேட் ஸ்டீவன்சனின் தொழிற்சாலையே 'பிளானட்' என்னும் இன்னொரு வகை இயந்திரத்தை அனுப்பியது. உருளைகள் முன்புறத்தில், உட்பக்கத்தில் அமைந்த அது ரொக்கட்டைப் பின்தள்ளிவிட்டது. தன்னை ஈன்ற கைகளே தனக்குப் போட்டியையும் ஈன்றதைப் போலாயிற்று. அதன்பின் ரொக்கட் சில்லறை வேலைகளைச் செய்தது. 1834ஆம் ஆண்டில் கொக்கிரேன் பிரபு கண்டுபிடித்த சுழலும் நீராவிப் பொறியைச் சோதிப்பதற்கு அதன் உடலைப் பயன்படுத்தினர். உருளைகளைக் கழற்றிப் புதிய பொறியைப் பூட்டினர், சோதனை தோற்றது.

1836ஆம் ஆண்டில் ரொக்கட் 300 பவுணுக்கு விற்கப்பட்டது. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பர்லாந்துப் பகுதியில் இருந்த நிலக்கரிப் பாதை ஒன்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. அங்கே அதன் பழைய புகழை எண்ணியவர் எவருமில்லை. பாரம் இழுக்குமா என்பதே கேள்வி. தேர்தல் முடிவு ஒன்றைக் கொண்டு நான்கு மைல் தூரத்தை நாலரை நிமிடத்தில் ஓடிக் கடந்தது என்று ஒரு கதை அப்பகுதியில் வழங்கியது. கதை சொல்வோர் இயந்திரத்தைக் காட்டிலும் வேகமாக ஓடுவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. நிலக்கரிப் பாரம் இழுப்பதற்கு வலுப்போதாத ரொக்கட், 1840ஆம் ஆண்டையொட்டி ஓய்வு பெற்றது. பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. நெருப்புப்பெட்டியும் வேறு உறுப்புகள் சிலவும் காணாமற் போயின.

வடுக்களை வாசித்தோர்

1862ஆம் ஆண்டில் அதன் உரிமையாளராகிய தொம்சன் குடும்பத்தார், எஞ்சியதை லண்டன் நகரத்துக் காப்புரிமை அலுவலக நூதனசாலைக்கு நன்கொடையாக வழங்கினர். அந்நூதனசாலையே பின்னர் விஞ்ஞான நூதனசாலையாக வளர்ந்தது. பழைய இரும்பு என்று உருக்கியிருந்தால் சில பவுண் கிடைத்திருக்கும். அவ்வாறு செய்யாமல் விட்ட அக்குடும்பத்துக்கு உலகம் கடமைப்பட்டுள்ளது.

இனி, நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ரொக்கட்டுக்கு மஞ்சள் வர்ணம் பூசி, உருளைகளைப் பழையபடி சரித்து வைத்து, இல்லாத நெருப்புப்பெட்டியைப் புதிதாகச் செய்து பூட்டினால் பார்ப்போர் மகிழ்வர் அல்லவா? அவ்வாறு செய்யலாகாது என்பதே நூதனசாலை அறிஞர் முடிவு. அதன் காரணம் 1999ஆம் ஆண்டளவில் நன்கு விளங்கியது. பெய்லி, கிளிதெரோ என்னும் ஆய்வாளர் இருவர் ரொக்கட்டை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, தொல்பொருள் அறிஞர் மண்ணடுக்குகளை ஆராய்வது போல அதன் இரும்பை ஆராய்ந்தனர். எந்த உறுப்பு முதலில் இருந்தது, எது பின்னர் வந்தது, எந்தப் பொருத்து எப்போது மாற்றப்பட்டது என்று கண்டறிந்து, அவற்றைப் பெரிய நூலாகவும் வெளியிட்டனர். ரொக்கட்டின் உடலில் உள்ள ஒவ்வொரு தழும்பும் அவர்களுக்கு ஓர் எழுத்தாகப் பயன்பட்டது. அழகுக்காக அத்தழும்புகளை மூடியிருந்தால், அவ்வெழுத்துகள் அழிந்திருக்கும். நாம் படமாகக் கற்பனை செய்ததையே திரும்பப் பார்த்து மகிழ்ந்திருப்போம்.

அழகிய உருவத்தைக் காண விரும்புவோருக்கும் வழி இல்லாமல் இல்லை. முதல் உருவத்தைப் போன்ற மாதிரிகள் பல செய்யப்பட்டுள்ளன. 1929ஆம் ஆண்டில் அமெரிக்கச் செல்வர் ஹென்றி போர்ட் தம் நூதனசாலைக்காக ஒன்று செய்வித்தார். பந்தயத்தின் நூற்றைம்பதாம் ஆண்டையொட்டி 1979இல் இங்கிலாந்தில் ஓடும் மாதிரி ஒன்று உருவாயிற்று. மாதிரி, நம் கண்ணுக்கு விருந்து. மூலமோ, நம் அறிவுக்குச் சாட்சி. இவ்விரண்டையும் வேறு வேறாக வைத்துக்கொண்டதே நூதனசாலையாரின் விவேகம்.

வென்றவர் வீடும் தோற்றவர் வீடும்

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக லண்டனில் இருந்த ரொக்கட், 2018ஆம் ஆண்டில் தான் பிறந்த நியூகாசில் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கிருந்து மான்செஸ்டருக்குச் சென்றது. அந்நகரத்து நூதனசாலை, 1830இல் திறக்கப்பட்ட அதே பழைய புகையிரத நிலையம் இருந்த இடத்தில் அமைந்துள்ளது. அடுத்து யோர்க் நகரத்துத் தேசியப் புகையிரத நூதனசாலையில் சில ஆண்டுகள் தங்கி, பின்னர் ஷில்டனை அடைந்தது.

ஷில்டன் என்ற பெயரை வாசகர்கள் முன்னரே கேட்டிருக்கின்றனர். ரெயின்ஹிலில் தோற்ற திமொதி ஹக்வேர்த் வாழ்ந்து உழைத்த ஊர் அது. அவருடைய 'சான் பரேய்' பந்தயத்தில் தோற்றாலும் வாழ்க்கையில் தோற்கவில்லை. அது கம்பெனியால் வாங்கப்பட்டு, 1844ஆம் ஆண்டு வரை பாதையில் உழைத்தது. பின்னர்ச் சுரங்கம் ஒன்றில் நீர் இறைக்கும் பொறியாக 1863 வரை உழைத்து, அடுத்த ஆண்டில் நூதனசாலையை அடைந்தது. உழைத்த காலத்தைக் கணக்கிட்டால் வென்றதைக் காட்டிலும் தோற்றதே நெடுங்காலம் உழைத்தது. இன்று இரண்டும் ஷில்டன் நூதனசாலையில் இடம் பெற்றுள்ளன. வென்ற இயந்திரம், தோற்றவரின் ஊருக்கு விருந்தாளியாக வந்திருக்கின்றது.

நம் வீடுகளிலும் பழம்பொருள்கள் இல்லாமல் இல்லை. பாட்டனார் பயன்படுத்திய கைப்பெட்டி, பாட்டியாரின் வெற்றிலைத் தட்டம், பழுதான சுவர்க்கடிகாரம், தேய்ந்த திருகை என்று ஏதேனும் ஒன்று மூலையில் கிடக்கும். அதற்குப் புதுவர்ணம் பூசுவதன் முன்னரும், பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுப்பதன் முன்னரும், அதன் வரலாற்றை அறிந்த பெரியோரை அழைத்து விசாரியுங்கள். எந்த ஆண்டில், எங்கே வாங்கியது? இந்த நசிவு எப்படி ஏற்பட்டது? இந்த ஒட்டு யார் போட்டது? பிள்ளைகள் அவ்விடைகளை ஒரு தாளில் எழுதி, தேதியும் இட்டு, அப்பொருளோடு சேர்த்து வைக்கட்டும். பொருளைப் பேணுவது பாதி வேலை. மீதிப் பாதி, அதன் தழும்புகள் எப்படி வந்தன என்பதை அறிந்தோர் உள்ளபொழுதே கேட்டு எழுதி வைப்பது.